பொதுப் பாகம்

தெய்வநாயகம் கம்ப்யூட்டருக்கு முன்னால் போட்டிருந்த நாற்காலியில் முதுகு சாயாமல் உட்கார்ந்திருந்தார். வலப்பக்கம் மகன் அருள்முருகன் நின்றான். இடப்பக்கம் மகள் சிவசங்கரி நின்றாள். அவர் இருவரையும் உட்காரச் சொல்லவில்லை. பாகம் பிரிக்கிற நாளில் பிள்ளைகள் நிற்பதும் பிரிக்கிறவர் உட்கார்வதும்தான் அவர் அறிந்த முறை. மடியில் நான்காக மடித்த வெள்ளைத் தாள், சட்டைப் பையில் மூடி கழற்றாத பேனா. பேண்ட்டு போட்டால் சரிவராது என்று காலையிலேயே கரை வேட்டிக்கு மாறியிருந்தார்.

மணி இரண்டரை. நான்கு மணிக்கு ராமலிங்கம் வருவார். ராமலிங்கத்துக்கு ஊரில் எட்டு லாட்ஜுகள் இருந்தன. எட்டிலும் ஓடுவது இந்த வீட்டு மாடியில் எழுதிய மென்பொருள்தான். யாருக்கு எந்த அறை, எத்தனை நாள், வெள்ளைக்காரர் வந்தால் போலீசுக்கு அனுப்ப வேண்டிய படிவம், வெளுக்கப் போட்ட படுக்கை விரிப்பு வரைக்கும் எல்லாவற்றையும் அதுதான் பார்த்துக்கொண்டது. அண்ணனும் தங்கையும் பிரிகிறார்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். "திங்கக்கிழமையில இருந்து என் லாட்ஜுங்கள யாரு பாத்துக்குவாங்க அண்ணே, அத மட்டும் உங்க வாயால சொல்லிடுங்க. நீங்க சொன்னா எனக்குப் போதும்" என்று போனில் கேட்டிருந்தார். அந்தக் கடைசி வாக்கியம்தான் தெய்வநாயகத்தை ஒரு வாரமாகத் தூங்கவிடவில்லை.

அரியாங்குப்பம் கொம்யூன் பஞ்சாயத்தில் முப்பத்திரண்டு வருடம் வேலை பார்த்து மேனேஜராக ஓய்வு பெற்றவர் அவர். நிலமோ வீடோ பங்கு போட வேண்டியிருந்தால் சுற்று வட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். அவர் பிரித்த எந்தச் சொத்தும் கோர்ட்டு வாசலை மிதித்ததில்லை. மற்றவர் வீட்டுச் சண்டையை அவர் வெளியே பேசியதுமில்லை. தன் வீட்டுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று அவர் நினைத்திருந்தால், அது நிலத்துக்காக வரும் என்றுதான் நினைத்திருப்பார்.

"ஆரம்பிங்க" என்றார்.

சிவசங்கரி குனிந்து மவுஸைப் பிடித்தாள். திரையின் இடது ஓரத்தில் ஒரு பட்டியல் இருந்தது. அதில் இதுவரை ஒரே ஒரு புராஜெக்ட்தான் இருந்தது. பக்கத்திலிருந்த சின்னக் கூட்டல் குறியை அவள் அமுக்கியதும் அதன் கீழ் எண்பத்தாறு பேக்கேஜ்கள் ஒன்றன் கீழ் ஒன்றாக வந்து நின்றன. புராஜெக்ட் என்றால் வீடு, பேக்கேஜ் என்றால் அறை, அறைக்குள் இருக்கிற தட்டுமுட்டுச் சாமான்தான் ஃபைல் என்று அருள் அவருக்குப் போன வாரம் விளக்கியிருந்தான். அவர் புரிந்துகொண்டார். ஆனால் ஒன்றை அவன் சொல்லவில்லை, அதை அவரே கண்ணாடியைத் தூக்கி வைத்துப் பார்த்துக் கண்டுபிடித்தார். எண்பத்தாறு பேக்கேஜ்களும் அவர் பெயரில்தான் தொடங்கின. சிறிய ஆங்கில எழுத்தில் தெய்வநாயகம், பிறகு ஒரு புள்ளி, பிறகு அறை. தெய்வநாயகம், புள்ளி, விருந்தினர். தெய்வநாயகம், புள்ளி, அச்சு. கம்பெனி பெயரை முன்னால் போடுவதுதான் வழக்கம், கம்பெனிக்கு உங்கள் பெயரைத்தானே வைத்தோம் என்றாள் மகள். அன்றைக்கு அவர் கீழே இறங்கிப் போனார். படியில் இறங்கும்போது நெஞ்சு நிமிர்ந்திருந்ததை மனைவி செல்வாம்பாள் பார்த்து, "இன்னா, யாராவது மாலை போட்டாங்களா?" என்று கேட்டாள்.

இப்போது அந்த ஒரே வீட்டுக்கு மேலே காலியாக இரண்டு புதிய வீடுகள். ஒன்றின் பெயர் அருள், இன்னொன்றின் பெயர் சங்கரி.

விதியை வகுத்தவர் அவர்தான். மாசி மகத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு இருவரையும் கூப்பிட்டுச் சொன்னார். ஒவ்வொரு ஃபைலின் தலையிலும் எழுதியவர் பெயர் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒரு பேக்கேஜை ஒருத்தர் கையே எழுதியிருந்தால் அது அவரது சுய சம்பாத்தியம், பங்குக்கு வராது. இரண்டு கையும் பட்டிருந்தால் அது பொதுச் சொத்து. பொதுச் சொத்தை மூத்தவன் இரண்டாகப் பிரித்து வைக்க வேண்டும், இளையவள் முதலில் எடுக்க வேண்டும். அவருடைய அப்பாவும் சித்தப்பாவும் பிரிந்தபோது பத்திரம் எழுதும் நொத்தேர் முன்னிலையில் அப்படித்தான் நடந்தது. பிரிக்கிறவன் கை கோணாமல் இருக்க அதைவிட நல்ல வழி இல்லை என்று அவர் முப்பத்திரண்டு வருடமும் நம்பினார்.

"ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு காப்பி எடுத்துக்கலாம் ப்பா. இது நிலம் இல்ல, எடுத்தா கொறையாது" என்று சிவசங்கரி அன்றைக்குச் சொன்னாள்.

"ஒரே சரக்க வச்சிக்கினு ரெண்டு பேரும் ஒரே வாசல்ல போய் நிக்கறதா?" என்று அருள் கேட்டான். "ஊரு சிரிக்கும்."

ஊர் சிரிக்கும் என்ற வார்த்தை தெய்வநாயகத்துக்குப் போதுமானதாக இருந்தது. காப்பி கிடையாது என்று முடிவாயிற்று.

முக்கால் மணி நேரம் ஒழுங்காகத்தான் போனது. மகள் ஒரு பேக்கேஜின் பெயரைப் படிப்பாள். மகன் அதைத் திறந்து ஃபைல்களின் தலையைக் காட்டுவான். அவர் தலையசைத்ததும் அந்தப் பெயரை மவுஸால் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உரியவர் வீட்டில் விடுவார்கள். இழுக்கும்போது பெயர் மங்கலாக நிழல்போல அம்பின் நுனியில் தொங்கியது. பட்டனை அமுக்கியிருந்த விரலை எடுத்தால்தான் போய் உட்கார்ந்தது. மவுஸ் அவர் மடிக்கு முன்னால் இடமும் வலமும் போய்வந்தது. அண்ணன் கையும் தங்கை கையும் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பார்த்துக்கொண்டதை அவர் கவனித்தார். இதே மேசையில் ஒரே தட்டில் பஜ்ஜி தின்றவர்கள்.

ஒவ்வொன்றாக வெளியேற வெளியேற, பழைய வீட்டில் மிச்சமிருந்த பெயர்களின் மேல் சின்னச் சிவப்புப் பெருக்கல் குறிகள் முளைத்தன. புதிய வீடுகளுக்குப் போனவற்றின் மேலும் முளைத்தன. கடைசியில் பட்டியல் முழுக்கச் சிவப்பாக இருந்தது.

"இது இன்னா?" என்றார்.

"ஒண்ண ஒண்ணு தேடுது ப்பா. கூட இருந்தது காணோம்னு கத்துது" என்றாள் மகள். "கடைசியா சேர்த்து விட்டா போயிடும்."

மூன்றேகால் ஆனபோது பழைய வீட்டில் ஒரே ஒரு பெயர் மிஞ்சியது. தெய்வநாயகம், புள்ளி, பொது.

எண்பத்தைந்தும் இதை நம்பித்தான் இருந்தன என்று இருவருமே அவரிடம் தனித்தனியாகச் சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழைகிறவர் யார் என்று பார்ப்பது, நாள் நேரம் கணக்கிடுவது, எழுதியதைப் பத்திரப்படுத்துவது எல்லாம் அதற்குள். அது இருக்கிறவர் திங்கட்கிழமை கடை திறக்கலாம். இல்லாதவர் ஆறு மாதம் உட்கார்ந்து புதிதாக எழுத வேண்டும், அதுவரை ராமலிங்கம் காத்திருக்க மாட்டார்.

"இது யாருது?"

"என்னுது" என்றார்கள் இருவரும்.

மேலே மின்விசிறி சுற்றியது. தெய்வநாயகம் மகனைப் பார்த்தார். அவன் மவுஸை வாங்கி முதல் ஃபைலைத் திறந்தான். தலையில் பச்சை எழுத்தில், எழுதியவர் அருள்முருகன். இரண்டாவது, அருள்முருகன். மூன்றாவது.

"எல்லாத்தையும் காட்டுண்ணா" என்றாள் சிவசங்கரி. குரல் உயரவில்லை.

"நாப்பத்தோரு ஃபைல் இருக்குது. மணி ஆவுது."

"காட்டு."

நாற்பத்தொன்றையும் திறந்து மூடினான். நாற்பத்தொன்றிலும் அவன் பெயர். சிவசங்கரி இரண்டு கைகளையும் மேசை விளிம்பில் ஊன்றிக்கொண்டாள். அவள் அழப்போகிறாள் என்று நினைத்து அவர் கொஞ்சம் எரிச்சலோடு திரும்பினார். அவள் அழவில்லை. அண்ணனைப் பார்க்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பேரு இருக்குதே சங்கரி" என்றார்.

"பேர யாரு வேணாலும் அடிக்கலாம் ப்பா."

"அப்படின்னா? உங்கண்ணன் திருடன்றியா? என் எதிர்ல வார்த்தைய அளந்து பேசு. நம்ம வீட்ல இதுவரைக்கும் யாரும் அப்படி ஒரு வார்த்த சொன்னதில்ல."

"நான் ஒண்ணும் சொல்லல" என்று அவள் மவுஸை எடுத்தாள். அந்தத் திரையைச் சிறிதாக்கிவிட்டு, அந்த ஃபைல்கள் இருக்கிற ஃபோல்டரைத் திறந்தாள். பெயர்கள் ஒரு வரிசையாக, பக்கத்தில் கடைசியாக மாற்றிய தேதியும் நேரமும் இன்னொரு வரிசையாக வந்தன. அவர் கண்ணாடியைத் தூக்கினார். மற்ற பேக்கேஜ்களின் தேதியை அவர் அப்படிப் பார்த்திருக்கவில்லை. இங்கே நாற்பத்தொரு வரியிலும் ஒரே தேதி, பகல் பன்னிரண்டு மணி ஏழு நிமிடம். மேலிருந்து கீழ்வரை ஒரே அச்சில் வார்த்ததுபோல இருந்தது.

"அண்ணன் கெட்டிக்காரரு ப்பா. எல்லாத்தையும் ஒரே நிமிஷத்துல எழுதியிருக்காரு."

அருள் சிரிக்க முயன்றான். "எல்லா ஃபைலுக்கும் மேல கம்பெனி அட்ரஸ் ஒரு வரி சேர்த்தேன் ப்பா. மொத்தமா சேர்த்தா தேதி மொத்தமாதான் மாறும். இவளுக்குத் தெரியாததா?"

அது நடக்கக்கூடியதுதான் என்று சிவசங்கரியின் முகமே சொன்னது. அவளிடம் வேறு ஆதாரம் இல்லை.

தெய்வநாயகம் மட்டும் அந்தத் தேதியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குச் சுவரில் தொங்கும் நாள்காட்டி தேவைப்படவில்லை. அது மாசி மகம். அன்றைக்குக் காலையிலிருந்து குடும்பமே வைத்திக்குப்பம் கடற்கரையில் இருந்தது. எங்கெங்கிருந்தோ சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து வரிசையாகப் பந்தலில் நின்றன. சுனாமி வந்ததிலிருந்து கடலைப் பார்த்தாலே பின்னால் நகர்கிற செல்வாம்பாள்கூட முட்டி நனையும்வரை இறங்கினாள். பேத்தியைத் தூக்கிக்கொண்டு சிவசங்கரி கூட வந்தாள். அருள் மட்டும் வரவில்லை. தலை பிளக்கிறது, வெயிலில் முடியாது என்று படுத்துவிட்டான். பந்தல் நிழலில் ராமலிங்கம் அவர் பக்கத்தில் வந்து நின்று, "மவன் எங்க அண்ணே?" என்று கேட்டார். "தலவலின்னு சொன்னான். படுத்திருக்க மாட்டான் பாருங்க, மேல உக்காந்து வேலதான் செஞ்சிக்கினு இருப்பான். சாமியே தெருவுக்கு வந்தாலும் எந்திரிக்க மாட்டான்" என்று இவர்தான் சொன்னார். நாலு பேர் காதில் விழட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகச் சொன்னார். அப்போது மணி பன்னிரண்டைச் சுற்றித்தான் இருக்கும். மேளம் முழங்கியதால் இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.

கம்பெனி விலாசம் சேர்க்க வீடு காலியாக வேண்டியதில்லை. அந்த வேலையை எந்தச் செவ்வாய்க்கிழமையும் இவள் எதிரிலேயே செய்திருக்கலாம். இவர் விதியைச் சொன்ன வெள்ளிக்கிழமைக்குப் பிறகு, மாடியில் யாருமில்லாமல் இருந்த ஒரே பகல் அது.

இன்னொன்றும் அவருக்கு நினைவு வந்தது, வந்திருக்காமல் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. மூன்று வருடத்துக்கு முன்னால் சிவசங்கரி பிரசவத்துக்கு வந்திருந்தாள். நிறைமாதத்தில், வயிறு மேசையில் இடிக்காமல் நாற்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டு, கைகளை எட்டி நீட்டித் தட்டிக்கொண்டிருந்தாள். "இந்த நேரத்துல அப்படி இன்னா எழுதற?" என்று அதட்டினார். "எல்லாத்துக்கும் பொதுவா ஒண்ணு ப்பா. இது முடிஞ்சிட்டா அப்புறம் எதுவும் கஷ்டமில்ல" என்றாள். அந்த வாரமே அவர் ராமலிங்கத்திடம், மகன்தான் எல்லாம் எழுதுகிறான், பொண்ணு கூடமாட ஒத்தாசை என்று சொல்லி வைத்தார். அப்படிச் சொன்னால்தான் பெரிய மனிதர்கள் கம்பெனியை நம்புவார்கள் என்று நினைத்தார். அருள் அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றான், மறுக்கவில்லை. அந்தப் பேச்சை அவனே நம்ப ஆரம்பித்தது எப்போது என்று அவருக்குத் தெரியாது.

"அருளு."

"இன்னா ப்பா."

"மகத்தன்னைக்கி உனுக்குத் தலவலி எத்தினி மணிக்கு விட்டுச்சி?"

அருளுக்கு முதலில் புரியவில்லை. பிறகு திரையைப் பார்த்தான். பிறகு அப்பாவைப் பார்த்தான். காதோரம் மெல்லச் சிவந்துகொண்டு வந்ததை அவர் பார்த்தார். ஐந்தாம் வகுப்பில் மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு மாட்டியபோது சிவந்த அதே இடம்.

சிவசங்கரியும் அந்தத் தேதியை இப்போதுதான் நாளாகப் பார்த்திருக்க வேண்டும். அண்ணனை முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள்.

"நான் எத்தினி வாசல்ல நின்னேன் தெரியுமா ப்பா?" என்றான் அருள். குரல் எங்கோ அடியிலிருந்து வந்தது. "எட்டு லாட்ஜும் தானா வந்துச்சா? ரூம் பையனுக்குக்கூட சலாம் வச்சேன். ராத்திரி மெஷின் நின்னுட்டா ஓடுனவன் நானு. இவ விசிறிக்கடியில உக்காந்து எழுதுனா. எழுதுன கைக்குத்தான் சொத்துன்னு நீங்க ஒரு ரூல போட்டீங்க. நடந்த காலுக்கு உங்க ரூல்ல எங்க எடம்?"

"அத அன்னிக்கே கேட்டிருக்கணும்."

"கேட்டா குடுத்திருப்பீங்களா?"

அவன் கேட்டது நியாயம்தான் என்பது தெய்வநாயகத்துக்கு உறைத்தது. இத்தனை வருடம் எத்தனை பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறார், வரப்பு வெட்டியவனையும் தண்ணீர் பாய்ச்சியவனையும் விட்டுவிடாமல் கேட்பார். தன் வீட்டில் கேட்கவில்லை. கேட்காததற்கு அவன் செய்தது பதிலாகிவிடாது. திருட்டு என்ற வார்த்தையை அவர் மனதுக்குள்ளேயே சொல்லிப் பார்த்தார். பக்கத்தில் தன் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

"இப்ப இன்னா பண்ணப்போறீங்க?" என்றான் அருள். பிறகு, மெதுவாக, "ராமலிங்கம் எதிர்ல மட்டும் வாணாம் ப்பா. அவருக்குத் தெரிஞ்சா ஊருக்கே தெரியும். தெய்வநாயகம் புள்ள இப்படின்னுதான் சொல்வாங்க. என் பேரச் சொல்ல மாட்டாங்க."

அவனுக்கு அவரை நன்றாகத் தெரிந்திருந்தது. எந்த இடத்தில் தொட்டால் அவர் அசைந்துகொடுப்பார் என்று தெரிந்து, சரியாக அங்கேதான் தொட்டான். அது தெரிந்தும் அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். பொதுவை அருள் வீட்டில் விட்டுவிட்டால் ஒரு சொல் வெளியே போகாது. ராமலிங்கத்திடம் முன்பு சொன்னதும் பொய்யாகாது. மகள் புருஷன் வீட்டுக்கு, மூலக்குளத்துக்குப் போய்விடுவாள், அவள் வாய் திறக்க மாட்டாள். பெண் பிள்ளைக்கு இவ்வளவு போதும் என்று சொல்லவும் ஊரில் ஆள் உண்டு.

"நீ இன்னா சொல்ற?" என்று மகளைக் கேட்டார்.

"நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன் ப்பா. ராமலிங்கத்துக்கிட்டயும் சொல்ல மாட்டேன், வீட்லயும் சொல்ல மாட்டேன்." அவள் மவுஸிலிருந்து கையை எடுத்து, அதை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தாள். "நீங்க எங்க வக்கிறீங்களோ அங்க இருக்கட்டும்."

அவள் சண்டை போட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கீழேயிருந்து செல்வாம்பாள் குரல் வந்தது. "இன்னாங்க, ராமலிங்கம் வந்துட்டாரு! மேலதான் இருக்காங்க தம்பி, போங்க, போங்க. நான் காப்பி கொண்ணாறேன்."

மணி மூன்றே முக்கால். ராமலிங்கம் எப்போதும் முன்னாலேயே வந்துவிடுவார். படிக்கட்டின் அடியில் செருப்புகளைக் கழற்றிப் போடும் சத்தம் கேட்டது, ஒன்று, பிறகு இன்னொன்று. ராமலிங்கம் கனத்த உடம்புக்காரர், ஒவ்வொரு படியிலும் நின்று வருவார். மொத்தம் பதினெட்டுப் படி.

அருள் குனிந்து கீபோர்டைத் தட்டி அந்தத் தேதி வரிசையை மூடினான். திரையில் மறுபடியும் மூன்று வீடுகளும் சிவப்புக் குறிகளும் வந்தன. "அப்பா" என்றான்.

தெய்வநாயகம் மடியிலிருந்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் ஒரு எழுத்தும் எழுதியிருக்கவில்லை. பிறகு மவுஸின்மேல் கையை வைத்தார். இந்த வீட்டுக்கு அது வந்து ஏழு வருடமாகிறது, அவர் ஒரு நாளும் தொட்டதில்லை. அது மகள் கைச்சூட்டோடு இருந்தது. அம்பு திரையின் ஓரத்துக்கு ஓடிப்போய் நின்றது. திரும்பக் கொண்டுவந்தார். யாரும் அவருக்கு உதவிக்குக் கை நீட்டவில்லை. மிஞ்சியிருந்த அந்த ஒற்றைப் பெயரின்மேல் கொண்டுபோய் நிறுத்தி, ஆள்காட்டி விரலால் அழுத்தினார். பெயர் நீலமாயிற்று.

இழுத்தார். நிழல்போல அது கிளம்பியது, அவர் பெயரும் புள்ளியும் பொதுவும் ஒன்றாக. மேலே போக வேண்டியிருந்தது. முதலில் வந்தது சங்கரியின் வீடு, அதற்கும் மேலே அருளின் வீடு. சங்கரி என்ற எழுத்தின் மேல் வந்ததும் அவர் கை நின்றது. விரலை எடுத்தால் போதும் என்று அவருக்குத் தெரியும், ஒரு மணி நேரமாகப் பார்த்துக்கொண்டுதானே இருந்தார்.

"இன்னா அண்ணே!" என்று வாசலில் மூச்சு வாங்கியது ராமலிங்கத்தின் குரல். "நீங்களே கம்ப்யூட்டர்ல உக்காந்துட்டீங்களா? மவன் சொல்லிக் குடுத்துட்டானா?"

தெய்வநாயகம் திரும்பவில்லை. முதுகு நேராகவே இருந்தது. பட்டனை அமுக்கியிருந்த விரலின் நகம் வெளுத்துப் போயிருந்தது. திரையில் அவர் பெயர், மகள் பெயரின்மேல், விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது.